முற்றுகையில் சிக்கிய நகரத்துக்கு வான்வழியாகச் சோறு போடுவது எப்படி?

விமானங்களை எண்ணும் முன் ஒன்றைப் பாருங்கள்: எதிரி சுடுவானா? 1948 ஜூன் 24 அன்று சோவியத் தரப்பு, தன் பிடியிலிருந்த கிழக்கு ஜெர்மனிக்கு நடுவே அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் வைத்திருந்த மேற்கு பெர்லினுக்கான சாலை, ரயில், கால்வாய் எல்லாவற்றையும் அடைத்தது. ஆனால் 1945-லேயே எழுத்தில் ஒப்புக்கொண்ட மூன்று வான்பாதைகள் இருந்தன, அவற்றில் மாவு மூட்டையோடு போகும் விமானத்தைச் சுட்டால் போரைத் தொடங்கிய பழி ஸ்டாலின் மேல்தான் விழும். இரண்டாம் உலகப் போரில், 1942-43 குளிர்காலத்தில், ஸ்டாலின்கிராடில் சிக்கிய ஜெர்மன் 6-வது படைக்கு இந்தக் கவசம் இல்லை. தினம் 300 டன்னாவது தேவைப்பட்ட அவர்களுக்குச் சராசரியாக அதில் பாதிகூடப் போய்ச் சேரவில்லை.

அப்புறம் கணக்கு. மேற்கு பெர்லினில் 20 லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள், தினம் குறைந்தது 4,500 டன் வேண்டும். சோறு என்று தலைப்பில் எழுதிவிட்டேன், ஆனால் பறந்த எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. உருளைக்கிழங்கை உலர்த்தி எடுத்துப் போங்கள், தண்ணீரின் எடை மிச்சம். உப்பு உலோகத்தை அரிக்கும் என்பதால், கடல்நீரைத் தாங்கக் கட்டிய சண்டர்லேண்ட் விமானங்களில் ஏற்றி ஹாஃபெல் ஏரியில் இறக்கினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பாடம் ஆகஸ்ட் 13. மழை, தாழ்ந்த மேகம், பெர்லினின் டெம்பெல்ஹோஃப் விமான நிலையத்தில் ஒரு விமானம் எரிகிறது, மேலே மற்றவை இறங்க இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றுகின்றன. இந்த விமானப் போக்குவரத்தை நடத்தும் பொறுப்பேற்றுச் சில வாரமே ஆன அமெரிக்க ஜெனரல் டன்னரும் அந்தக் கூட்டத்தில்தான் மாட்டிக்கொண்டார். அதன் பிறகு சட்டம் மாறியது: இறங்க ஒரே வாய்ப்பு, தவறினால் சரக்கோடு புறப்பட்ட இடத்துக்கே திரும்பு. மூன்று வான்பாதைகளில் நடுப் பாதை திரும்பி வருவதற்கு மட்டும். விமானிகள் விமானத்தை விட்டு நகரக் கூடாது, தின்பண்டம் வண்டியில் அவர்களைத் தேடி வரும். இந்த ஒழுங்கால்தான் 1949 ஏப்ரலில் ஒரே நாளில் 1,398 முறை பறந்து 12,900 டன்னுக்கு மேல் இறக்க முடிந்தது.

ஓடுதளம் போதாதா? இடிபாட்டுக் கற்களைப் போட்டு, பெரும்பாலும் பெண்களின் உழைப்பில், பெர்லினின் டேகல் பகுதியில் மூன்றே மாதத்தில் புதிதாக ஒன்று கட்டினார்கள்.

சரி, பலன்? மேற்கு நாடுகள் பதிலுக்கு நிலக்கரி, எஃகு அனுப்புவதை நிறுத்தியதில் கிழக்குப் பகுதிக்கும் வலித்தது. நான்கு வருடம் முன்பு குண்டு போட்ட நாடுகளைப் பெர்லின்காரர்கள் காவலர்களாகப் பார்க்கத் தொடங்கினார்கள். மேற்கு நாடுகளோடு கூட்டுச் சேரத் தயங்கிய நாடுகளும் நெருங்கின. 1949 ஏப்ரல் 4 அன்று நேட்டோ என்ற ராணுவக் கூட்டணி உருவானது. மே 12-ல் முற்றுகை விலகியது. அன்றே விமானங்களை நிறுத்திவிடாதீர்கள்: மறுபடி அடைத்தால் என்ன செய்வது என்று செப்டம்பர் 30 வரை பறந்து கிடங்குகளை நிரப்பினார்கள்.