அரை லிட்டர் என்றால் எத்தனை கப்?

காரைக்குடியில் ஆர்டருக்குப் பலகாரம் போடுகிற எனக்கு அமெரிக்காவில் குடியிருக்கும் நம் பெண்களிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "ஆச்சி, நீங்க மில்லியில சொல்றீங்க, இங்கே இருக்கிறது கப்பும் ஸ்பூனும்தான்."

15 என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு டேபிள்ஸ்பூன் 15 மில்லி. டீஸ்பூன் அதில் மூன்றில் ஒரு பங்கு, 5 மில்லி. இரண்டு டேபிள்ஸ்பூன் ஒரு திரவ அவுன்ஸ், 30. எட்டு அவுன்ஸ் ஒரு கப், 240. கறாராகப் பார்த்தால் அவுன்ஸ் 29.57, கப் 236.6. குழம்புச் சட்டிக்குள் போன பிறகு அந்த மூன்றரை மில்லியை யார் தேடப்போகிறார்கள்?

பால் பணியாரத்துக்கு அரை லிட்டர் தேங்காய்ப்பால் என்றால் 2 கப் ஊற்றி, மேலே 2 டேபிள்ஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைய விடுங்கள். கால் லிட்டர் புளிக்கரைசலுக்கு 1 கப், 1 டேபிள்ஸ்பூன். 100 மில்லி நல்லெண்ணெய்க்கு 6 டேபிள்ஸ்பூன், 2 டீஸ்பூன். வெள்ளைப் பணியாரத்துக்கு மட்டும் எந்தக் கணக்கும் உதவாது. மாவு நீர்த்தால் எண்ணெய் குடிக்கும். தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகத்தான் விட வேண்டும்.

கேலன் கேனில் பால் வாங்கினால் 16 கப். அங்கே 240-ஆல் பெருக்கினால் 55 மில்லி கூடுதலாகக் காட்டும். சரியான அளவு 3.785 லிட்டர்.

திரவ அவுன்ஸும் வெறும் அவுன்ஸும் ஒன்றல்ல. முன்னது கொள்ளளவு, பின்னது எடை, 28.35 கிராம். தண்ணீருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துப்போவதால்தான் பலரும் குழம்புகிறார்கள். ஒரு கப் தேன் 8 திரவ அவுன்ஸ், தராசில் வைத்தால் ஏறக்குறைய 12 அவுன்ஸ்.

அப்புறம், ரங்கூன், பினாங்கு காலத்துக் குறிப்பு நோட்டு வீட்டில் இருந்தால் அதில் வரும் பைன்ட் வெள்ளைக்காரன் பைன்ட், 568 மில்லி. அமெரிக்கப் பைன்ட் 473 தான். பாயசத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

குழந்தை மருந்துக்கு மேலே சொன்ன எதையும் எடுக்காதீர்கள். வீட்டு ஸ்பூன் ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. பாட்டிலோடு வரும், மில்லி கோடு போட்ட மூடியோ சிரிஞ்சோதான்.