ஆகாயத்தாமரைக்குப் பயந்து மதகை அடைக்கலாமா? போன் அப்டேட்டில் செய்யக்கூடாத தவறுகள்

நீடாமங்கலம் பக்கம் எங்கள் பெரியப்பா ஒருவர் பதினாலு மாதமாகப் போனை அப்டேட் செய்யவில்லை. காரணம் இருக்கிறது. கடைசியாகப் போட்ட அப்டேட்டுக்குப் பிறகு லாக் ஸ்கிரீனில் தினம் ஒரு விளம்பரப் படம் வந்து உட்கார்ந்துகொண்டது. கேட்காமலே நாலு கேம் இறங்கியது. பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் போன் அணைவதற்குப் பதில் ஏஐ உதவியாளர் எழுந்து வந்து என்ன வேண்டும் என்று கேட்டது. "போனை அணைக்கவே முடியலடா தம்பி, இந்த லட்சணத்துல எதுக்கு அப்டேட்டு?" என்றார். கோபம் நியாயம்தான். எடுத்த முடிவுதான் தவறு.

மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் வாய்க்காலுக்கு வரும்போது ஆகாயத்தாமரையையும் தள்ளிக்கொண்டுதான் வருகிறது. அதற்காக மதகை இறக்கிவிட்டு நாற்றங்காலை யாரும் காயவிடுவதில்லை. இறங்கி வாரிக் கரையில் போடுகிறோம். போனிலும் செய்ய வேண்டியது அதைத்தான்.

பெரியப்பா செய்த முதல் தவறு, "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்று இருந்தது. 2015-ல் ஸ்டேஜ்ஃபிரைட் என்றொரு பாதுகாப்பு ஓட்டை ஆண்ட்ராய்டில் வெளிப்பட்டது. விஷமமாகத் தயாரித்த ஒரு எம்.எம்.எஸ். (படம், வீடியோவோடு வரும் செய்தி) வந்து சேர்ந்தாலே போதும், பல போன்களில் அதைத் திறக்கக்கூட வேண்டியதில்லை என்ற நிலை. அந்த ஆண்டு ஆகஸ்டிலிருந்துதான் கூகுள் மாதாமாதம் எந்தெந்த ஓட்டைகளை அடைத்தோம் என்று பட்டியல் வெளியிடத் தொடங்கியது. இங்கே ஒரு சங்கடம் உண்டு. அந்தப் பட்டியலை நல்லவர்கள் மட்டுமா படிக்கிறார்கள்? அடைப்பு வெளியான அன்றே, எங்கே ஓட்டை இருந்தது என்பது திருடனுக்கும் தெரிந்துவிடுகிறது. அப்டேட் போடாத போன் அதற்குமுன் இருந்ததைவிட அதிக ஆபத்தில் இருப்பது அதன் பிறகுதான். கம்ப்யூட்டர் உலகத்தில் இதற்குப் பெரிய சாட்சி, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வானாக்ரை என்ற வைரஸ். அது நுழைந்த ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14-லேயே அடைப்பைக் கொடுத்துவிட்டது. தாக்குதல் வந்தது மே 12-ல். இடையில் இரண்டு மாதம் போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள், இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் உட்பட. கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் கணக்கில் ஏறியது என்ற எஸ்.எம்.எஸ்.ஸும், அதை எடுக்கும் யுபிஐ-யும், வங்கி ஓடிபி-யும் ஒரே போனில் இருக்கும்போது இது நமக்கு எட்டாத விஷயம் இல்லை.

அடுத்த தவறு, எல்லா அப்டேட்டும் ஒன்று என்று நினைப்பது. செக்யூரிட்டி அப்டேட் பெரும்பாலும் சில நூறு எம்.பி.க்குள் முடியும், ஓட்டையை மட்டும் அடைக்கும். வெர்ஷன் அப்டேட் சில ஜி.பி. வரும், புதுத் தோற்றம், புது ஏஐ, வேண்டாத செயலிகள் எல்லாம் பெரும்பாலும் இதில்தான் ஏறி வருகின்றன. இவை தவிர, ஆண்ட்ராய்டு 10-லிருந்து கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட் என்று ஒன்று தனியாக வருகிறது, போனின் உள்பகுதிகள் சிலவற்றைக் கூகுளே நேரடியாகச் சரிசெய்வது. செட்டிங்ஸில் அபவுட் போன் போய், ஆண்ட்ராய்டு வெர்ஷன் என்ற இடத்தைத் தொட்டால் செக்யூரிட்டி அப்டேட் தேதி தெரியும். (சில போன்களில் சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன் என்றிருக்கும்.) நான் யார் போனைக் கையில் வாங்கினாலும் முதலில் பார்ப்பது அந்தத் தேதியைத்தான்.

என் வழக்கம் இது: செக்யூரிட்டி அப்டேட்டை அந்த வாரமே போடுவேன். வெர்ஷன் அப்டேட்டை இரண்டு மூன்று வாரம் ஆறப்போட்டு, அதே மாடல் வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போடுவேன். ஆனால் ஒரேயடியாகத் தள்ளிவைக்க முடியாது. புது வெர்ஷன் வந்துவிட்டால், அதற்குப் பிறகு வரும் அடைப்புகள் பெரும்பாலும் அதன் மேல்தான் வரும். 2021-ல் ஆப்பிள், ஐபோனின் புது வெர்ஷனான ஐஓஎஸ் 15-க்குப் போகாமல் 14-லேயே இருந்துகொண்டு பாதுகாப்பு அப்டேட் மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று வழி விட்டது. சில மாதத்திலேயே அந்த வழி அடைபட்டது. கம்பெனிகள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது அநியாயம் என்றுதான் எனக்கும் படுகிறது. ஆனால் மூட்டையை வாங்காமல் விட்டால் நஷ்டம் அவர்களுக்கு இல்லை.

சரி, குப்பையை எப்படி வாருவது? பெரும்பாலான குப்பை, அப்டேட் முடிந்து போன் எழுந்ததும் வரும் திரைகளில் நாமே 'சரி' சொல்லி வாங்கிக்கொண்டது. ஒத்துக்கொள்ளும் பட்டன் பெரிதாக நீலத்தில் இருக்கும். தவிர்க்கும் பட்டன் மூலையில் மங்கலாக இருக்கும். அவசரத்தில் பெரியதைத் தட்டிக்கொண்டே போவதுதான் எல்லாரும் செய்வது. பரிந்துரைக்கும் செயலிகள், லாக் ஸ்கிரீன் படங்கள், உங்கள் ரசனைக்கேற்ற விளம்பரம் என்று கேட்கிற எதற்கும் ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயமில்லை. அன்றைக்குத் தட்டிவிட்டாலும் பாதகமில்லை, செட்டிங்ஸில் போய் அணைக்கலாம். பவர் பட்டன் விவகாரமும் அப்படித்தான். கெஸ்சர்ஸ் அல்லது சைடு பட்டன் என்ற பகுதியில், அழுத்திப் பிடித்தால் உதவியாளர் வேண்டாம், பவர் மெனு போதும் என்று மாற்றிவிடலாம். பதினாலு மாதக் கோபம் அரை நிமிடத்தில் தீர்ந்தது.

அழிக்க முடியாத செயலிகளை 'டிஸேபிள்' செய்தால் போதும். இடத்தை முழுதாக விடாவிட்டாலும் ஓடாது. அதிலும் திருப்திப்படாமல் யூடியூப் பார்த்து பூட்லோடர் என்ற போனின் தொடக்கப் பூட்டைத் திறந்து, ரூட் செய்து (போனின் முழு அதிகாரத்தையும் கையில் எடுத்து), வேரோடு பிடுங்குகிறேன் என்று இறங்குபவர்கள் இருக்கிறார்கள். மன்னார்குடியில் என் நண்பன் ஒருவன் அப்படி இறங்கினான். குப்பை போனது, கூடவே அவன் வங்கிச் செயலியும் திறக்க மறுத்துவிட்டது.

எல்லாவற்றிலும் மோசமானது போலி அப்டேட். பி.எம். கிசான் தவணை, வங்கி கேஒய்சி, வண்டி அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (செயலியை நேரே நிறுவும் கோப்பு) வரும். தொட்டு நிறுவினால் எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் ஓடிபி திருடன் கைக்குப் போகும். போனின் அப்டேட் செட்டிங்ஸுக்குள் மட்டும்தான் வரும், செயலியின் அப்டேட் பிளே ஸ்டோரில் வரும். லிங்க்கில் வருவது இரண்டுமில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள்.

தீபாவளிக்குப் புதுப் போன் வாங்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்கிறோம், எத்தனை வருடம் அப்டேட் வரும் என்று கேட்பதில்லை. கூகுளின் பிக்சல் 8, சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 வரிசைகளுக்கு ஏழு வருடம் என்று அறிவித்தார்கள். விலை குறைந்த போன்களில் இது மிகவும் குறைவாக இருக்கும். கடைக்காரரிடம் கேளுங்கள், அப்புறம் கம்பெனி இணையதளத்திலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா போனுக்கு அன்றிரவே சார்ஜில் போட்டு அப்டேட்டை ஏற்றினேன். கேம்களை அழித்தேன், லாக் ஸ்கிரீன் படங்களை நிறுத்தினேன். மறுநாள் காலையில் கூப்பிட்டார். "எல்லாம் சரிதான்டா தம்பி, அந்த மலையும் அருவியுமா வருமே, அதை எங்க காணோம்?"