மூன்றரை வட்டியில் மாட்டாமல் கிரெடிட் கார்டு வைத்திருப்பது எப்படி?

நம்ம ஊரில் வட்டியை யாரும் வருடக் கணக்கில் சொல்வதில்லை. நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஒரு வட்டி, இரண்டு ரூபாய் என்றால் இரண்டு வட்டி. அந்தக் கணக்கில் பார்த்தால் இந்தியாவில் நிறைய கிரெடிட் கார்டுகள் மூன்றரை வட்டி, சிலது மூணே முக்கால். பக்கத்துத் தெருவில் ஒருவர் இந்த வட்டிக்குக் கொடுத்தால் கந்துவட்டிக்காரர் என்போம். அதையே மாலில் டை கட்டிய பையன் நீட்டினால், கூட ஒரு டிராவல் பேக் இலவசம் என்றதும் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். இதற்கு உச்சவரம்பு இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வருடத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது தவறு என்று 2008ல் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

கார்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒழுங்காகக் கட்டுகிறவருக்கு ஒரு பைசா வட்டி கிடையாது, ஒன்றரை மாதம் வரை அடுத்தவன் பணத்தில் ஓட்டலாம். அதற்கு முதலில் இரண்டு தேதிகளை மனப்பாடம் செய்யுங்கள்: பில் போடும் தேதி, கட்டவேண்டிய கடைசி தேதி.

உங்கள் பில் தேதி 10, கடைசி தேதி 30 என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 11ஆம் தேதி வாங்கிய பொருள் ஜூலை 10 பில்லில்தான் வரும், ஜூலை 30க்குள் கட்டினால் போதும், அதாவது 49 நாள் சும்மா கிடைத்த கடன். அதே பொருளை ஜூலை 9ஆம் தேதி வாங்கியிருந்தால் கையில் 21 நாள்தான். பெரிய செலவு ஏதாவது இருந்தால் பில் போட்ட மறுநாள் போய் வாங்குவது இதனால்தான். சம்பளம் ஒன்றாம் தேதி வருகிறது, கடைசி தேதி 28ல் வந்து கழுத்தைப் பிடிக்கிறது என்றால் பில் தேதியை மாற்றித் தரச் சொல்லி வங்கியிடம் கேளுங்கள், ரிசர்வ் வங்கி விதிப்படி அந்த வசதி தந்தாகவேண்டும்.

அடுத்தது, எல்லோரும் விழுகிற குழி. பில் வந்ததும் ஒரு எஸ்எம்எஸ் வருமே, அதில் இரண்டு தொகை இருக்கும்: மொத்தம் 40,000, மினிமம் டியூ (குறைந்தபட்சம் கட்டவேண்டியது) 2,000. சில ஆப்களில் கட்டப் போனால் அந்த 2,000 பக்கம்தான் முதலில் கண்ணில் படும். சரி, இந்த மாதம் டைட், இதைக் கட்டிவிட்டு மீதியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். என்ன நடக்கிறது என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூன் 15ல் 40,000க்கு ஃபிரிட்ஜ் வாங்கினீர்கள். ஜூலை 30ல் 2,000 கட்டினீர்கள், மீதி 38,000. வட்டி ஜூலை 30லிருந்து ஓடும் என்றுதான் நம்மில் பாதிப் பேர் நினைக்கிறோம். இல்லை, ஃபிரிட்ஜ் வாங்கிய ஜூன் 15லிருந்து. ஆகஸ்ட் 10 பில் வரைக்கும் 56 நாள், மூன்றரை வட்டியில் 2,449 ரூபாய், அந்த வட்டிக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 441. ஆக, 2,000 கட்டிய பிறகு வருகிற பில் 40,890. கட்டுவதற்கு முன்னால் இருந்ததைவிட அதிகம்! இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. பாக்கி இருக்கிற வரைக்கும் அந்த 49 நாள் சலுகை கிடையாது, நேற்று மளிகைக் கடையில் தேய்த்த 800 ரூபாய்க்கும் நேற்றிலிருந்தே வட்டி.

மினிமம் டியூ கட்டினால் லேட் ஃபீஸ் வராது, சிபில் ஸ்கோரில் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) கட்டத் தவறியவர் என்று பதியாது, அவ்வளவுதான். மற்றபடி அது கடனை அடைக்கிற தொகை இல்லை.

நானும் சூடு பட்டவன்தான். முதல் கார்டு வாங்கிய புதிதில் 18,460 பில்லுக்கு ரவுண்டாக 18,000 கட்டிவிட்டு, மீதி 460ஐ அடுத்த மாதம் சேர்த்துக் கட்டலாம் என்று விட்டேன். 460க்கு என்ன பெரிய வட்டி வந்துவிடப் போகிறது? வந்தது, முழு 18,460க்கும். கஸ்டமர் கேரில் அரை மணி நேரம் பாட்டு கேட்டதுதான் மிச்சம். இப்போது பாக்கித் தொகைக்கு மட்டும்தான் வட்டி போட வேண்டும் என்று விதி இருக்கிறது, ஆனாலும் சில்லறையை விடுவதில்லை, பைசா வரைக்கும் அப்படியே கட்டுகிறேன்.

இதற்குச் சுலபமான வழி ஆட்டோ டெபிட். ஆனால் போடும்போது மொத்தத் தொகை என்பதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறோமா என்று இரண்டு தடவை பாருங்கள், மினிமம் டியூவில் டிக் செய்துவிட்டு ஆறு மாதம் கழித்து விழித்தவர்கள் உண்டு. கையால் கட்டுகிறவர்கள் கடைசி நாள் வரை இழுக்காமல் இரண்டு மூன்று நாள் முன்னாலேயே கட்டிவிடுங்கள், சில வழிகளில் பணம் போய்ச் சேரவே ஒரு நாள் ஆகும். தப்பித் தவறி மறந்துவிட்டால் பதற வேண்டாம், கடைசி தேதி தாண்டி மூன்று நாளுக்குள் கட்டினால் லேட் ஃபீஸ் போடக்கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2022 விதி சொல்கிறது.

ஏற்கெனவே மாட்டியிருக்கிறீர்களா? முதலில் அந்தக் கார்டைத் தேய்ப்பதை நிறுத்துங்கள். அப்புறம் மலிவான கடன் வாங்கி இந்த விலையுயர்ந்த கடனை மூடுங்கள். வீட்டில் நகை இருந்தால் வங்கியில் வைத்தால் பெரும்பாலும் ஒரு வட்டிக்கும் கீழேதான் வரும். நகையை வைப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைத்து மூன்றரை வட்டி கட்டிக்கொண்டிருப்பதில் எனக்கு எந்தக் கௌரவமும் தெரியவில்லை. நகை இல்லை என்றால் பர்சனல் லோன், அதுவும் இல்லை என்றால் வங்கியிடமே பேசி பாக்கியை இஎம்ஐயாக மாற்றுவது. மூன்றுமே கார்டு வட்டியைவிடக் குறைவாக இருக்கும், ஆனால் ப்ராசஸிங் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

செய்யவே கூடாதது ஒன்று, ஏடிஎம்மில் கிரெடிட் கார்டைச் சொருகிப் பணம் எடுப்பது. எடுத்த நொடியிலிருந்து வட்டி, அதற்கு மேல் தனிக் கட்டணம், பெரும்பாலும் இரண்டரை சதவீதம், குறைந்தது 500 ரூபாய். "கார்டைத் தேய்த்தால் கையில் கேஷ்" என்று கமிஷன் பிடித்துக்கொண்டு கொடுக்கிற கடைகளும் உண்டு. ஒரு கார்டுக்கு இன்னொரு கார்டைத் தேய்த்துக் கட்டுகிற சுழற்சி பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது, வங்கி கண்டுபிடித்தால் கார்டையும் முடக்கும்.

வட்டியில்லாத் தவணை என்று விற்கிற நோ காஸ்ட் இஎம்ஐ என்றால் உண்மையிலேயே செலவில்லை என்று அர்த்தமில்லை. வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுவார்கள், ஆனால் அந்த வட்டிக்கான ஜிஎஸ்டியும் ப்ராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில்தான்.

லிமிட் இரண்டு லட்சம் என்றால் அது உங்கள் பணம் இல்லை. முப்பது சதவீதத்துக்குள், அதாவது அறுபதாயிரத்துக்குள் வைத்துக்கொண்டால் சிபில் ஸ்கோருக்கும் நல்லது. மச்சான் கேட்டார், நண்பன் கேட்டான் என்று கார்டைக் கொடுப்பது உங்கள் இஷ்டம், ஆனால் அவர் கட்டாவிட்டால் ஸ்கோர் இறங்குவது உங்களுக்கு.

பாதுகாப்புக்கு ஐந்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது, இன்றைக்கே செய்துவிடுங்கள். ஆப்பில் கார்டு செட்டிங்ஸ் போய் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்து வையுங்கள், பின் நம்பர் இல்லாமல் தட்டிக் கட்டும் வசதி (5,000 ரூபாய் வரை போகும்) தேவையில்லை என்றால் அதையும். தெரியாத செலவு எஸ்எம்எஸ் வந்தால் முதலில் கார்டை பிளாக் செய்யுங்கள், அடுத்து வங்கிக்குப் புகார், அப்புறம் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930. நாள் கடத்தக் கடத்த நஷ்டத்தில் உங்கள் பங்கு கூடும், அதனால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கப் போகாதீர்கள். ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டிருந்தால், புகார் கொடுக்கும் வரை போன பணம் உங்கள் நஷ்டம்தான்.

கடைசியாக, வேண்டாத கார்டை மூடுவது. இதில்தான் ரொம்ப இழுத்தடிப்பார்கள், வருடக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறோம், லிமிட்டைக் கூட்டுகிறோம் என்பார்கள். பாக்கி ஒன்றும் இல்லாமல் மூடச் சொன்னால் ஏழு வேலை நாளுக்குள் மூடவேண்டும், தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் உங்களுக்கு அபராதம் தரவேண்டும் என்பதும் அதே 2022 விதிதான். அதனால் போனில் பேசுவதோடு விடாமல் தேதியோடு ஒரு ஈமெயிலும் போட்டுவையுங்கள். மூடுவதற்கு முன் சேர்ந்திருக்கிற ரிவார்டு பாயிண்டுகளைத் தீர்த்துவிடுங்கள், அந்தக் கார்டில் மாதாமாதம் போகிற ஓடிடி, மின்சாரக் கட்டணம் எல்லாவற்றையும் வேறு கணக்குக்கு மாற்றுங்கள். மூடிவிட்டோம் என்று பதில் வந்ததும் கத்தரிக்கோலை எடுத்து, சிப் நடுவில் விழுகிற மாதிரி வெட்டுங்கள்.