பழைய லாரியில் பவர் ஸ்டீயரிங் பம்பை மாற்றுதலும் காற்றை வெளியேற்றுதலும்

சரக்கு ஏற்றிய லாரியை மதுரைக் கீழமாரட் வீதியில் ஒடித்துத் திருப்பும்போதுதான் பவர் ஸ்டீயரிங் பம்பின் உண்மையான நிலை தெரியவரும். எஞ்சின் மெதுவாக ஓடுவதால் பம்ப் தள்ளும் ஆயில் அப்போது குறைவு. நின்ற இடத்திலேயே டயரைத் திருப்பத் தேவைப்படும் அழுத்தமோ மிக அதிகம். நான்குவழிச் சாலையில் இலகுவாக வந்த ஸ்டீயரிங் இங்கே இறுகி, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் இளகினால் பம்ப் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. ஒரு பக்கம் திருப்பும்போது மட்டும் இறுகினால் பம்ப் தரும் அழுத்தத்தால் சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் பாக்ஸைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பம்ப் இரு பக்கத்துக்கும் பொதுவானது.

பம்பைக் கழற்றுமுன் ஆயில் டேங்கின் ஃபில்டரையும், டேங்கிலிருந்து பம்புக்கு வரும் உறிஞ்சுக் குழாயையும் பார்த்துவிடுங்கள். அந்தக் குழாயில் வெடிப்பு இருந்தால் வெளியே ஒரு சொட்டு ஆயில்கூடக் கசியாமல் உள்ளே காற்று மட்டும் புகுந்து பம்ப் இரையும். கப்பலூர்ப் பக்கம் ஒரு வண்டிக்கு ஒரே மாதத்தில் இரண்டு பம்ப் மாற்றியும் இரைச்சல் நிற்கவில்லை. கடைசியில் குற்றவாளி ஒரு தளர்ந்த கிளிப்.

சரக்கை இறக்கி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன் ஆக்சிலை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. ஆயில் ஆறிய பிறகு, குழாய் இணைப்புகளைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டுக் கழற்றி, திறந்த வாய்களை உடனே அடைத்துவிடுங்கள். பெல்ட்டில் ஓடும் பம்பாக இருந்தால் புல்லியைப் புல்லர் கொண்டே எடுக்க வேண்டும். சுத்தியல் அடி பேரிங்கைக் கெடுக்கும். புதிய பம்பின் சுழலும் திசை பழையதுடன் ஒத்திருக்கிறதா என்று உடலில் உள்ள அம்புக்குறியைப் பார்த்து உறுதி செய்வது, கடைக்காரர் சொல்லை நம்புவதைவிட நல்லது. காப்பர் வாஷர்களும் ஓ-ரிங்குகளும் புதியனவாகவே இருக்கட்டும்.

பழைய பம்ப் தேய்ந்த இரும்புத்தூள் பாக்ஸிலும் குழாய்களிலும் தங்கியிருக்கும். அதைக் கழுவாமல் விட்டால் புதிய பம்பும் விரைவில் போய்விடும். ஆகவே டேங்கைக் கழுவிப் புதிய ஃபில்டர் போட்டு, திரும்பி வரும் குழாயை டேங்கிலிருந்து எடுத்து வாளியில் விட்டு, டேங்கில் அந்த வாயை அடைத்துவிட வேண்டும். தயாரிப்பாளர் சொல்லும் ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு அது சிவப்பு நிற ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்). கையில் கிடைத்த எஞ்சின் ஆயிலை ஊற்றும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை.

இனி எல்லாம் பொறுமையைச் சார்ந்தது. பம்பினுள் உள்ள தகடுகளுக்கு ஆயில்தான் மசகு. வறண்டு ஓடினால் உள்வளையத்தில் கீறல் விழும். அதனால் எஞ்சினை உடனே ஸ்டார்ட் செய்யாமல், எஞ்சினை நிறுத்தும் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்து, 10 விநாடிக்கு மேற்படாமல் விட்டுவிட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை மெல்ல இரு பக்கமும் திருப்ப, இன்னொருவர் டேங்க் காலியாகாதபடி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாளியில் சுத்தமான ஆயில் விழத் தொடங்கியதும் குழாயை மீண்டும் டேங்கில் பொருத்தி, அளவு வரை நிரப்பி, எஞ்சினை மெதுவான ஓட்டத்தில் விட்டு, நிதானமாக இரு முனை வரையும் திருப்புங்கள். முனையில் 5 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காதீர்கள். அப்போது ஆயில் முழுவதும் அதிக அழுத்தத்தை விடுவிக்கும் பம்பின் ரிலீஃப் வால்வு வழியாகவே சுற்றிக் கொதித்துப்போகும். ஆயில் பால்போல் வெளுத்து நுரைத்தால் காற்று கலந்திருக்கிறது என்று பொருள். எஞ்சினை நிறுத்தி, நுரை அடங்கிய பின்னரே தொடர வேண்டும். அவசரமாக ஆட்டினால் குமிழிகள் இன்னும் சிறிதாக நொறுங்கி, வெளியேறவே மறுக்கும்.

முடிந்ததா என்று அறிய எளிய சோதனை உண்டு. எஞ்சின் ஓடும்போது டேங்கின் ஆயில் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, உடனே நிறுத்திப் பாருங்கள். ஏறக்குறைய 2 செ.மீ.க்கு மேல் மட்டம் உயர்ந்தால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது; மீண்டும் தொடங்க வேண்டியதுதான். அந்த அளவுக்கு உயரவில்லை என்றால் வண்டியை இறக்கி, ஆண்டிபட்டிக் கணவாய் வரை ஒரு நடை ஓட்டி வந்து, எல்லா இணைப்புகளையும் மட்டத்தையும் மறுபடி பார்த்து, பெல்ட்டையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.