பழைய பிளொப்பியைக் கண்டவுடன் ட்ரைவுக்குள் தள்ளிவிடாதீர்கள்

ஏ9 பாதை 2002இல் திறந்த பிறகுதான் கிளிநொச்சியில் நான் கணினி பழகினேன். ஜெனரேற்றர் ஓடுகிற நேரம்தான் வகுப்பு, எண்ணெய் முடிந்தால் திரை கறுத்துவிடும், அதனால் நாலு வரி அடித்தால் உடனே பிளொப்பியில், அதாவது அந்தக் காலத்துக் காந்தத் தட்டில், சேமிக்க வேண்டும், அதை வாசித்து எழுதும் ட்ரைவ் கர்கர் என்று அரைத்து ஓயும்வரை கை விசைப்பலகைக்குப் போகாது. அக்காவின் கடிதங்கள், அப்பா சொல்லச் சொல்ல நான் அடித்த ஊர்க்கதைகள் எல்லாம் அப்படிச் சேர்ந்தவை. கடைசி இடப்பெயர்வில் சொப்பிங் பையில் சுற்றி, பரலுக்குள் போட்டு வளவில் புதைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்து தோண்டியபோது பன்னிரண்டும் இருந்தன.

அதில் நாலை நானே கெடுத்தேன். ஆசை பொறுக்காமல் துடைக்காமலே போட்டதுதான் காரணம். ஹார்ட் டிஸ்க்கில் வாசிக்கும் தலை தட்டைத் தொடாது, பிளொப்பியிலோ தலை தட்டோடு உரசித்தான் வாசிக்கும். முதலாவதில் இருந்த பூஞ்சணம் தலையில் ஒட்டிக்கொண்டது, பிறகு போட்ட மூன்றையும் அது வட்டமாகக் கீறிவிட்டது.

ஆகவே முதலில் பாருங்கள். தகரக் கதவை நகத்தால் ஒதுக்கி, பின்பக்கத்து உலோக வட்டத்தை விரலால் மெதுவாகச் சுற்றி, வெயிலுக்குச் சரித்துப் பிடித்தால் பழுப்புத் தட்டில் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று தெரியும். இருந்தால் ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் இரண்டு பக்கமும் அழுத்தாமல் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். தண்ணீர் வேண்டாம், சேலைத் தலைப்பும் வேண்டாம். ஒவ்வொரு பிளொப்பிக்குப் பிறகும் ட்ரைவின் தலையையும் துடைக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் மாரி ஈரம் கண்ட எங்கள் பக்கத்துப் பிளொப்பிக்கு இதைவிட முக்கியமான ஒன்று இல்லை.

மூலையிலுள்ள சின்னப் பூட்டைத் தள்ளி, ஓட்டை திறந்திருக்கும்படி வையுங்கள், அப்போதுதான் எதுவும் எழுதப்படாது. பழைய ஐந்தேகால் அங்குலத் தட்டில் இது நேர்மாறு, அதில் பக்கவாட்டு வெட்டின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டி மூட வேண்டும். ஃபோர்மட் செய்யவா என்று விண்டோஸ் கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள். வாசிக்க முடியவில்லை என்பதைத்தான் அது அப்படிக் கேட்கிறது.

அப்புறம், கோப்பு கோப்பாக இழுத்துப் பிரதி எடுக்காதீர்கள். பழுதான இடத்தில் ட்ரைவ் திரும்பத் திரும்ப அரைக்கும், அந்த உரசலில் மிச்சமும் போகும். லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற மென்பொருள் கொண்டு முழுத் தட்டையும் ஒரே படிமமாக, அதாவது அப்படியே ஒரே கோப்பாக, எடுங்கள். நல்ல பகுதியை முதலில் எடுத்துவிட்டுப் பழுதான இடத்துக்குப் பிறகுதான் அது திரும்பும். 1.44 எம்பி தட்டு முழுதாக வந்தால் 14,74,560 பைட் இருக்கும்.

பழைய கணினியையே எழுப்ப நினைப்பவர்களுக்கும் ஒன்று. கனடாவிலிருந்து வந்த பெட்டி என்றால் பின்னாலுள்ள சிவப்பு விசை 115இல் நிற்கலாம், எங்கள் 230 வோல்ற்றில் அப்படியே செருகினால் மின்வழங்கி வெடித்துவிடும். 386, 486 என்ற பழைய செயலி உள்ள பெட்டி என்றால் மூடியைத் திறந்து, போர்ட்டில் ஒட்டியிருக்கும் பீப்பாய் வடிவ பற்றரி பச்சையாகக் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசித் தவறுதான் எனக்கு மிகவும் வலிப்பது. கோப்பு திறக்கும், ஆனால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ தெரியும், பழுதாகிவிட்டது என்று அழித்துவிடுவார்கள். அது பழுதில்லை, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. அந்தக் காலத்தில் நாங்கள் அடித்ததெல்லாம் இன்று எங்கும் பயன்படும் யுனிகோட் குறியீட்டில் அல்ல. எழுத்துருவைப் பாமினிக்கு மாற்றுங்கள், அல்லது யுனிகோட் மாற்றியில் ஒட்டுங்கள். நான் மாற்றியபோது முதல் வரியில் வந்தது அக்காவின் கை: ‘அன்புள்ள அம்மாவுக்கு, இங்கே மழை விட்டுவிட்டது.’