குடுவைக்குள் பாக்டீரியா மரபணுத்தொகுதியின் பரிணாமத்தைப் பின்தொடர்வது எப்படி?

பாக்டீரியாவின் மரபணுத்தொகுதி மாறிக்கொண்டே வருவதை நேரில் காண விரும்பும் உயிரியல் மாணவர்களுக்கு, அமெரிக்க உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் தொடங்கிய, ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியாவைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்துக் கவனிக்கும் சோதனையே மிகத் தெளிவான முன்மாதிரி. நோய் உண்டாக்காத ஆய்வக வகையும் பேராசிரியரின் மேற்பார்வையும் இருந்தால், கல்லூரி ஆய்வகத்திலேயே அதைச் சிறிய அளவில் செய்யலாம்.

தனிக் காலனி ஒன்றிலிருந்தே தொடங்குங்கள். அப்போதுதான் பின்னர் தென்படும் வேறுபாடுகள் குடுவைக்குள் தோன்றியவை என்று உறுதியாகச் சொல்ல முடியும். லென்ஸ்கியின் 12 குடுவைகளில் ஆறில் அராபினோஸ் சர்க்கரையைப் பயன்படுத்த இயலாத மூல வகையும், மற்ற ஆறில் அதிலிருந்தே பிரித்தெடுத்த, பயன்படுத்தக்கூடிய வகையும் இடப்பட்டன. டெட்ராசோலியம் என்னும் நிறங்காட்டி கலந்த அராபினோஸ் அகாரில் (கூழ் போன்ற வளர்ப்புத் தளம்) முன்னது சிவப்பாகவும் பின்னது வெண்மையாகவும் வளரும் என்பதால், இரு வகைகளையும் மாற்றி மாற்றி வைத்தால் பக்கத்துக் குடுவையிலிருந்து நேரும் கலப்படம் உடனே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு நாளும் 0.1 மி.லி. வளர்ப்பை எடுத்து, லிட்டருக்கு வெறும் 25 மி.கி. குளூக்கோஸ் உள்ள 9.9 மி.லி. புதிய ஊடகத்தில் சேர்த்து, 37 பாகை செல்சியஸில் குலுக்கியபடி வளர்க்க வேண்டும். நூறு மடங்கு பெருக்கம் என்பது ஏறத்தாழ 6.6 தலைமுறை, ஆகவே 75 நாட்களில் 500 தலைமுறைகள் கடந்துவிடும். அந்த இடைவெளிதோறும் ஒவ்வொரு குடுவையிலிருந்தும் மாதிரி எடுத்து, கிளிசரால் சேர்த்து, மைனஸ் 80 பாகையில் உறையவைத்துவிடுங்கள். என் கருத்தில் இந்தச் சோதனையின் உயிர்நாடி உறைபெட்டிதான். மூதாதையை எழுப்பி வழித்தோன்றலுடன் போட்டியிட வைக்கும் வாய்ப்பு வேறு எந்த வழியிலும் கிட்டாது.

மாதிரிகளின் டி.என்.ஏ. எழுத்து வரிசையைப் படித்தறிந்த பின் (வரிசையறிதல்), சுமார் 46 லட்சம் எழுத்துகள் கொண்ட மூதாதைத் தொகுதியுடன் ஒப்பிடும்போது, ஓரெழுத்து மாற்றங்களோடு நின்றுவிடாதீர்கள். நீக்கங்கள், இரட்டிப்புகள், இடம்பெயரும் டி.என்.ஏ. துண்டுகள் ஆகியவற்றையும் தேட வேண்டும். ரைபோஸ் சர்க்கரையைப் பயன்படுத்தும் மரபணுக்களை 12 குடுவைகளுமே இழந்தன; அருகிலிருந்த அத்தகைய துண்டு ஒன்றே அந்த நீக்கத்தை எளிதாக்கியது. ஒரு குடுவையில் மட்டும் மாற்றங்கள் அளவுக்கு மீறிக் குவிந்திருந்தால், டி.என்.ஏ. பிழைதிருத்த மரபணுக்கள் பழுதாகியுள்ளனவா என்று பாருங்கள்.

லென்ஸ்கியின் குடுவைகளில் ஒன்றிலிருந்த பாக்டீரியா சுமார் 31,000 தலைமுறைகளுக்குப் பின், ஊடகத்திலேயே இருந்த சிட்ரேட்டை, ஈ.கோலை வழக்கமாக உண்ண முடியாத ஆக்சிஜன் உள்ள சூழலில் உண்ணத் தொடங்கியது. சிட்ரேட்டைச் செல்லுக்குள் கொண்டுவரும் கடத்தி மரபணு இரட்டித்து, அதன் புதிய பிரதி ஆக்சிஜனிலும் இயங்கும் தூண்டுபகுதியின் (மரபணுவை இயக்கிவைக்கும் டி.என்.ஏ. பகுதி) கீழ் அமைந்ததே காரணம். உறைந்த மாதிரிகளை எழுப்பி மறுபடி வளர்த்தபோது, பிற்காலத் தலைமுறைகளிலிருந்தே அத்திறன் மீண்டும் தோன்றியது. முன்னரே வேறு மாற்றங்கள் வழி வகுத்திருந்தன. உங்கள் குடுவையிலும் புதிய திறன் ஏதேனும் தென்பட்டால், பழைய மாதிரிகளை ஒவ்வொன்றாக எழுப்பி இதே சோதனையைச் செய்து பாருங்கள்.