பைக் துணை விளக்கு: ஹாலஜனைக் கழற்றி எல்இடி மாட்டும் முறை

விளக்கை மாட்டுவதற்கு நாலு போல்ட் போதும். மாட்டிய பிறகு அணைக்க முடியவில்லை, ஒரு பக்கம் மங்கல், மழைக்குப் பின் எரியவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை ஒயரிங்கில்தான் தொடங்குகின்றன. அதனால் இங்கே பிராக்கெட்டுக்குக் கொஞ்சம், ஒயருக்கு நிறைய.

தேவையானவை: எல்இடி ஜோடி, 12 வோல்ட் நாலு பின் ரிலே (சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்), ஃபியூஸ் ஹோல்டர், 5 ஆம்பியர் ஃபியூஸ், 1 சதுர மி.மீ. ஒயர் சிவப்பிலும் கறுப்பிலும் 3 மீட்டர், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் குழாய்), கிரிம்ப் லக் (ஒயர் நுனியில் வைத்து நசுக்கிப் பிடிக்கும் உலோக முனை), கேபிள் டை, மல்டிமீட்டர். டெஸ்ட் லாம்ப் மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்க வேண்டாம். மின்சாரம் வருகிறதா என்று அது சொல்லும், எத்தனை வோல்ட் வருகிறது என்று சொல்லாது.

முதலில் மேஜையிலேயே சோதித்துப் பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் வாட் கணக்கை நம்ப வேண்டாம். மல்டிமீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, பேட்டரி பிளஸ்ஸுக்கும் விளக்குக்கும் நடுவில் வைத்து அளவெடுங்கள். 12.6 வோல்ட்டில் 1.4 ஆம்பியர் காட்டினால் அது 18 வாட் விளக்கு, பெட்டியில் 60 என்று இருந்தாலும் சரி. அளந்ததும் சிவப்பு ஒயரைப் பழைய துளைக்கு மாற்றிவிடுங்கள். மறந்து அப்படியே பேட்டரியின் வோல்டேஜ் பார்த்தால் ஷார்ட் ஆகும், மீட்டரின் ஃபியூஸ் போகும்.

ஹாலஜனுக்குப் பிளஸ் மைனஸ் பேதம் கிடையாது, எப்படிக் கொடுத்தாலும் எரியும். எல்இடி அப்படியல்ல. திருப்பிக் கொடுத்தால் நல்ல விளக்கு எரியாமல் இருக்கும், மட்டமானது உள்ளே கருகிவிடும். பழைய ஒயரின் நிறத்தை வைத்து முடிவு செய்யாமல் மீட்டரில் பார்த்தே இணைக்கவும்.

பழையதைக் கழற்றும்போது பேட்டரியின் மைனஸ் முதலில், திரும்ப மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ்ஸை முதலில் கழற்றினால் ஸ்பேனர் சேசிஸில் (பைக்கின் இரும்புச் சட்டத்தில்) பட்ட மாத்திரத்தில் தீப்பொறி பறக்கும்.

பழைய ஒயரிங்கையே வைத்துக்கொள்ளலாமா? 55 வாட் ஹாலஜன் இரண்டுக்கும் சேர்த்து 9 ஆம்பியருக்கு மேல் போகும். அதனால் அங்கே 15 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கக்கூடும். 20 வாட் எல்இடி இரண்டுக்கு மூன்றரை ஆம்பியர்கூட வேண்டாம், விளக்கோடு வரும் ஒயரும் மெல்லியதாகவே இருக்கும். அந்த மெல்லிய ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் 15 ஆம்பியர் ஃபியூஸ் போகும் முன்பே ஒயர் உருகக்கூடும். ஃபியூஸ் காப்பாற்றுவது விளக்கை அல்ல, ஒயரை. ஆகவே ரிலே நல்ல நிலையில் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஃபியூஸை மட்டும் 5 ஆம்பியருக்கு மாற்றுங்கள். அது பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும்.

ரிலே இணைப்பு: பின் 30-க்கு ஃபியூஸ் வழியாகப் பேட்டரி பிளஸ், 87-லிருந்து இரண்டு விளக்குக்கும் பிளஸ், 85-க்கு மைனஸ், 86-க்குச் சுவிட்ச் வழியாக வரும் சிக்னல் (ரிலேயை இயக்கும் 12 வோல்ட்). உள்ளே டயோடு (ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் பாகம்) வைத்த ரிலே என்றால் 85, 86 இரண்டையும் மாற்றிக் கொடுக்கக் கூடாது. சுவிட்ச் போட்டதும் டயோடு வழியே நேராக ஷார்ட் ஆகும்.

<b>சிக்னல் ஒயர்</b>

தொடக்கக்காரர்கள் சறுக்கும் இடம் இதுதான். ஹை பீம் போட்டால் துணை விளக்கும் எரிய வேண்டும் என்று ஹை பீம் ஒயரை 86-க்குக் கொடுப்பார்கள். சில பைக்குகளில் அது சரியாக வேலை செய்யும். வேறு சிலவற்றில் சாவி போட்ட உடனே துணை விளக்கு எரிந்துவிடும், ஹை பீம் போட்டால் அணைந்துவிடும். எல்லாம் தலைகீழ்!

காரணம் இது. அந்த பைக்குகளில் ஹெட்லைட் பல்புக்குப் பிளஸ் எப்போதும் இருக்கும், சுவிட்ச் மைனஸ் பக்கத்தை இணைத்துத் துண்டிக்கும். ஹை பீம் அணைந்திருக்கும்போது பல்பின் இழை வழியாக 12 வோல்ட் அந்த ஒயரில் வந்து நிற்கும். ஹை பீம் போட்டால் அது பூஜ்யமாகிவிடும்.

மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸிலும் சிவப்பை ஹை பீம் ஒயரிலும் வையுங்கள். ஹை பீம் போட்டால் 12 வோல்ட், அணைத்தால் 0 என்றால் மேலே சொன்ன இணைப்பு போதும். தலைகீழாகக் காட்டினால் 86-க்குச் சாவி போட்டால் வரும் பிளஸ்ஸைக் கொடுத்து, 85-ஐ அந்த ஹை பீம் ஒயரில் சேருங்கள். ஹை பீம் போடும்போது மட்டும் ரிலே இழுக்கும். சுவிட்சை 86-க்கு முன்னால் வைத்துக்கொள்ளலாம்.

கம்பெனியிலிருந்தே எல்இடி ஹெட்லைட்டோடு வரும் பைக்குகளில் ஹை பீம் ஒயரைத் தொடும் வேலையே வேண்டாம். அந்த ஒயரில் துடிப்பாக மின்சாரம் வந்தால் ரிலே டிக்டிக் என்று அடித்துக்கொள்ளும், பைக்கின் கணினி பிழை விளக்கைக் காட்டவும் கூடும். சாவி போட்டால் வரும் பிளஸ்ஸையும் தனிச் சுவிட்சையும் பயன்படுத்துங்கள்.

எர்த்தை, அதாவது விளக்கின் மைனஸ் ஒயரை, சேசிஸில் கொடுக்காமல் நேராகப் பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோவது நல்லது. பெயின்ட் மேல் இறுக்கிய போல்ட் இன்று எர்த் கொடுக்கும், துரு பிடித்ததும் கைவிடும். விளக்கு எரியும்போது விளக்கின் கறுப்பு ஒயருக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தில் எங்கோ கோளாறு. ஒரு விளக்கு மட்டும் மங்கலாக இருந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஈயம் வைத்து ஒட்டுவதைவிட கிரிம்ப் செய்வதே மேல். ஈயம் ஒயரின் இழைகளுக்குள் ஏறி முடியும் இடம் விறைத்துவிடும், எஞ்சின் அதிர்வில் சரியாக அங்கேயே ஒடியும். கிரிம்ப் செய்ததும் இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் அது கிரிம்ப்பே அல்ல. வெறும் இன்சுலேஷன் டேப் வெயிலில் பசை இளகிக் கழன்றுவிடும், ஸ்லீவ்தான் நிற்கும்.

பிராக்கெட்டை கிராஷ் கார்டில் போட்டால் கிளாம்ப்புக்குள் ரப்பர் வைத்து, நைலான் நட் போட்டு இறுக்குங்கள். விளக்கின் பின்னாலிருக்கும் துடுப்புகளுக்குக் காற்று பட வேண்டும், சூடு ஏறினால் எல்இடியின் ஆயுள் குறையும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஒயர் எங்கும் இழுபடவில்லை என்று பார்த்த பிறகே கேபிள் டையை இறுக்குங்கள்.

கோணம் சரிசெய்ய, சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி பைக்கை நிறுத்தி, ஓட்டுபவர் ஏறி உட்கார வேண்டும். ஸ்டாண்டில் நிறுத்திச் சரிசெய்தால், ஆள் ஏறியதும் பின்பக்கம் அமுங்கி வெளிச்சம் மேலே போய்விடும். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் குறித்து, வெளிச்சத்தின் மையம் அதைவிட 5 முதல் 10 செ.மீ. கீழே விழும்படி வையுங்கள். எதிரே வருபவரின் கண் கூசும் விளக்கு எத்தனை வாட்டாக இருந்தாலும் தவறான விளக்கே. துணை விளக்கை எப்போது போடலாம் என்ற விதி இடத்துக்கு இடம் மாறும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: அணைத்த பிறகும் இருட்டில் விளக்கு லேசாக மின்னினால், ரிலே இல்லாமல் விளக்கொளி உள்ள சுவிட்சிலிருந்து நேராக இணைத்திருப்பீர்கள். சுவிட்சின் குட்டி விளக்கு வழியாகக் கசியும் சில மில்லி ஆம்பியர் ஹாலஜனில் தெரியவே தெரியாது, எல்இடிக்கு அதுவே போதும். ரிலே போட்டால் தீரும். முடியாவிட்டால் விளக்கின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே 1 கிலோ ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று.

இன்னொன்று, எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப விளக்கு துடித்தால் உங்கள் பைக்கின் ஹெட்லைட் லைன் ஏசி (மாறுதிசை மின்சாரம்). பழைய சிறிய பைக்குகளில் இது சகஜம். விளக்கின் பிளஸ்ஸை அந்த லைனிலிருந்து பிரித்து ஃபியூஸ், ரிலே வழியாகப் பேட்டரிக்கு மாற்றி, எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் வோல்டேஜ் பாருங்கள். துணை விளக்கு எரிகையில் நடுத்தர வேகத்தில் 13.5-க்குக் கீழேயே நின்றால் அந்த சார்ஜிங்குக்கு இந்த விளக்கு அதிகம், குறைந்த வாட்டுக்கு இறங்குங்கள்.